6 இன்ச் பெஞ்ச் வைஸ்: வண்டி நிறுத்தற இடத்துல இருக்கற டேபிள்ல எப்படி உட்கார வைக்கறது?

வண்ணை_புல்லட் | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில சொந்த வீடு. கீழே வண்டி நிறுத்தற இடம் 10க்கு 14 அடி. உள்பக்கச் சுவரை ஒட்டி சின்னதா ஒரு பட்டறை போட்டிருக்கேன். பழைய புல்லட் வண்டிகளைப் பிரிச்சு சரி பண்றேன், ஆபீஸ் விட்டு வந்த பிறகும் ஞாயித்துக்கிழமையும்.

காயலான் கடையில ஒரு 6 இன்ச் வைஸ் கிடைச்சது, அதாவது வேலை செய்யற பொருளை ரெண்டு தாடைக்கு நடுவுல இறுக்கிப் பிடிக்கிற கருவி. வார்ப்பிரும்பு. சுத்தற அடி இல்ல, நேரா உட்கார்ற அடி. நாலு மூலையிலயும் போல்ட் ஓட்டை இருக்கு. எடை போட்டா 22 கிலோ. ஸ்க்ரூ தேயல, தாடை தகடு ரெண்டும் நல்லா இருக்கு.

பிரச்சனை டேபிள்தான். 4க்கு 2 அடி, 1 இன்ச் சதுர பைப் சட்டம், மேல 18 மி.மீ. பிளைவுட். ஜி கிளாம்ப் போட்டு வைஸைப் பிடிச்சு வெச்சு ஒரு வேலை பார்த்தேன். ஹேக்சா ஓட்டினா பிளைவுட் அமுங்கி எழும்பறது கண்ணுக்கே தெரியுது. ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிக்கிற கை) புஷ்ஷை இழுத்தா டேபிள் மொத்தமா என் பக்கம் வருது.

இந்த டேபிளையே பலப்படுத்தலாமா, இல்ல புதுசா செய்யணுமா? எந்த போல்ட் போடணும்? டேபிள்ல எந்த இடத்துல வைக்கணும்? தரையில ஆங்கர் போல்ட் அடிச்சா சரியா வருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பெரம்பூர்_ஃபிட்டர் | சனி, இரவு 10.05

தம்பி, ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில ஃபிட்டரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். வைஸை மாட்டறதுக்கு முன்னாடி அதை நல்லா பாத்துடுங்க. காயலான் கடைச் சரக்குல மூணு இடம் முக்கியம்: போல்ட் ஓட்டையைச் சுத்தி இருக்கற காது, நகர்ற தாடையோட கழுத்து, உள்ள ஸ்க்ரூ ஓடற நட்டு. மண்ணெண்ணெய் ஊத்தித் துடைச்சு, சாக்பீஸ் தூளைத் தடவி வெச்சிடுங்க. மயிரிழை விரிசல் இருந்தா எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில கறுப்புக் கோடா தெரியும். உடைஞ்சதை ஒட்டின பழைய வெல்டிங் இருந்தா அந்த வைஸை வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுத்துடுங்க.

அடுத்தது உயரம். செருப்பு போட்டு நிமிர்ந்து நில்லுங்க. முஷ்டியை மோவாய்க்கு கீழ வெச்சா முழங்கை முனை எந்த உயரத்துல இருக்கோ, அதுதான் தாடையோட மேல்மட்டம். ஆப்ரண்டிஸா சேர்ந்த முதல் வாரத்துல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது. குள்ளமான பையனுக்குக் காலடியில மரப்பலகை போடுவாங்க. அரம் போடறவனுக்கு முழங்கை உயரம் தப்பினா தோள்பட்டை போயிடும், அரமும் தராசு மாதிரி ஏறி இறங்கும், பரப்பு நடுவுல மேடா வந்துடும். உங்க வேலை அரத்தை விட உளியும் சுத்தியலும் அதிகம்னா ஒரு இன்ச் தாழ்த்திக்கலாம்.

எங்க வைக்கறதுன்னு கேட்டீங்க. நகராத தாடை டேபிள் விளிம்பைத் தாண்டி வெளியே நிக்கணும். இதுல பலர் கோட்டை விடறாங்க. தாடை மூடின நிலையில வைஸை வெச்சு, பின் தாடையோட முகத்துல இருந்து ஒரு தூக்குகுண்டு விடுங்க. நூல் டேபிள் விளிம்புல தட்டாம ஒரு விரல் தடிமன் இடைவெளியில தொங்கணும். அப்பதான் நீளமான ராடையோ ஃபோர்க் பைப்பையோ நெட்டுக்குத்தா பிடிக்க முடியும். உள்ள தள்ளி வெச்சா பைப் பலகையில முட்டும், அப்புறம் காலம் பூரா சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் பிடிக்கணும்.

காசிமேடு_டீசல் | சனி, இரவு 10.41

ஐயா சொன்னது கரெக்டு. நான் போட் இன்ஜின் வேலை பாக்கறேன், ஆர்பர்ல. தம்பி, மர ஸ்க்ரூ, லேக் ஸ்க்ரூ எதையும் கிட்டவே சேக்காத. மேலேர்ந்து கீழ வரைக்கும் போற போல்ட்டுதான். கீழ சும்மா வாசர் போட்டா பிளைவுட்டுக்குள்ள பூந்துக்கும். 50க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டை ரெண்டு வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஓட்டை போட்டு, ரெண்டு ரெண்டு போல்ட்டா சேத்துப் பிடி.

தலை மேல, நட்டு கீழ. நட்டு மேல வந்தா மரை துருத்திக்கினு கையைக் கிழிக்கும்.

இன்னொண்ணு. டேபிள் காலுக்கு நேர் மேல வைஸ் வரணும். நடுவுல வெச்சா அடிக்கிற அடி பாதி பலகையிலயே பூடும். கால் மேல வெச்சா அடி நேரா தரைக்கு எறங்கும். ஆனா ஓட்டை போடறதுக்கு முன்ன குனிஞ்சு பாத்துக்க. போல்ட் எறங்கற இடத்துல ஆங்கிளோ பைப்போ குறுக்கால கீதான்னு அளந்து மார்க் பண்ணிட்டு அப்பால ட்ரில் எடு.

கொடுங்கையூர்_கணக்கு | ஞாயிறு, காலை 7.20

டேபிள் ஏன் கூடவே வருதுங்கறதுக்கு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

உங்க டேபிள் எடை, பிளைவுட்டும் சட்டமும் சேர்த்து, ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். ஆழம் 2 அடி, அதாவது 60 செ.மீ. எடையோட மையம் நடுவுல, முன் காலுக்கு 30 செ.மீ. பின்னால. முன் காலை அச்சா வெச்சு டேபிளைக் கவிழாம பிடிக்கிற திருப்புவிசை 25 × 0.3 = 7.5 கிலோ-மீட்டர். வைஸ் தாடை தரையிலேர்ந்து கிட்டத்தட்ட 1 மீட்டர் உயரத்துல இருக்கு. அப்போ வெறும் 7.5 கிலோ விசையில நம்ம பக்கம் இழுத்தாலே பின் கால் தூக்கிடும். வைஸோட 22 கிலோ முன் விளிம்புலயே உட்கார்ந்திருக்கறதால அந்த எடை இதுக்கு உதவாது. இறுகிப்போன புஷ்ஷை எடுக்க ஒரு ஆள் 30 கிலோ விசை சாதாரணமா கொடுப்பார்.

அடுத்தது போல்ட். 1 மீட்டர் நீள பைப்பைத் தாடையில பிடிச்சு முனையில 30 கிலோ விசையில அழுத்தினா 30 கிலோ-மீட்டர். வைஸ் அடியில போல்ட் வரிசைக்கு வரிசை 15 செ.மீ. இடைவெளின்னா, பிடுங்கற விசை 30 ÷ 0.15 = 200 கிலோ. ரெண்டு போல்ட் பகிர்ந்துக்கிட்டா ஒண்ணுக்கு 100 கிலோ. 12 மி.மீ. போல்ட்டுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா 18 மி.மீ. பிளைவுட்டுல திரும்பத் திரும்ப 200 கிலோ மேலயும் கீழயும் ஏறினா பலகை அடுக்கு பிரியும். அதனால போல்ட் எந்த கிரேடுன்னு யோசிக்கறதை விட, அந்த விசை போல்ட்லேர்ந்து எங்க போய் இறங்குதுன்னு யோசிங்க. தாடையில ஆரம்பிச்சு தரை வரைக்கும் வழியில எது மெலிசா இருக்கோ அதுதான் ஆடும்.

பலகைக்கு ஒரு நல்ல செய்தி. வளையாத தன்மை தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். மூணு 18 மி.மீ. பிளைவுட்டை முழுசா பசை போட்டு ஒட்டி 54 மி.மீ. ஆக்கினா 27 மடங்கு விறைப்பு. பசை போடாம சும்மா அடுக்கி ஸ்க்ரூ அடிச்சா ஏறக்குறைய 3 மடங்குதான்.

எண்ணூர்_வெல்டிங் | ஞாயிறு, காலை 9.55

பிளைவுட்டோட ஏன் மல்லுக்கட்டணும் ப்ரோ? 50க்கு 50க்கு 6 மி.மீ. ஆங்கிள்ல (எல் வடிவ இரும்பு) சட்டம் அடிச்சு மேல 10 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட் போட்டுடுங்க. பிளேட் எடை ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ, 4க்கு 2 அடிக்கு 58 கிலோ வரும். ஆங்கிள் மீட்டருக்கு 4.5 கிலோ, காலும் மேல்-கீழ் சட்டமும் சேர்த்து 10, 11 மீட்டர் ஓடும். மொத்தம் 105 கிலோ பக்கம். கணக்கு சார் போட்ட கணக்குப்படியே 105 × 0.3, முப்பதைத் தாண்டிடுது. தரையில எதுவும் அடிக்காமலே நிக்கும்.

சதுர பைப்பை விட ஆங்கிளுக்கு ஏன் சொல்றேன்னா, எங்க பக்கம் உப்புக் காத்து. பைப் உள்பக்கமா துருப்பிடிச்சா வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ஒரு நாள் சுத்தியலால தட்டினா ஓட்டை விழும். ஆங்கிள்னா நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயிண்ட் அடிச்சுக்கலாம். கால் அடியில 100க்கு 100 மி.மீ. தகடு வெச்சு வெல்டு பண்ணிடுங்க.

ஒண்ணு மட்டும், வைஸை பிளேட்டோட சேர்த்து வெல்டு பண்ணிடலாமேன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. வார்ப்பிரும்பை முறையா சூடேத்தி, நிக்கல் ராடு போட்டு, மெதுவா ஆற விட்டாத்தான் நிக்கும். சாதாரண ராடு வெச்சா பத்து நிமிஷத்துல வெல்டுக்குப் பக்கத்துலயே 'டிங்'னு வெடிக்கும்.

வண்ணை_புல்லட் | ஞாயிறு, மதியம் 1.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 7.5 கிலோங்கறதைப் படிச்ச உடனே கீழ போய் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன், முள்ளு எட்டைத் தொடறதுக்குள்ள பின் கால் எழுந்துடுச்சு. டேபிளை மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா முழு இரும்பு டேபிள்ல ஒரு தயக்கம். எங்க தெரு ஒட்டு வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரே சுவர்தான், அதுவும் பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கு. மாடியில அம்மா மதியம் தூங்குவாங்க. 10 மி.மீ. பிளேட் மேல சுத்தியல் விழுந்தா கோயில் மணி கணக்கா கேக்கும். மர மேல்பலகை போட்டா சத்தம் குறையுமா? அந்தச் சுவர்ல டேபிளைப் பிடிக்க ஆங்கர் அடிக்கலாமா?

வியாசை_மரவாடி | ஞாயிறு, மாலை 4.15

சத்தத்துக்கு மரம்தான். இரும்புச் சட்டம், மர மேல்பலகை, இதுதான் உங்க வீட்டுக்கு ஏத்தது. எங்க வியாபாரமே மரம்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பழைய வீடு இடிக்கற இடத்துல பர்மா தேக்கு உத்திரம் கிடைக்கும். நாலு இன்ச், அஞ்சு இன்ச் கனத்துல வரும். நூறு வருஷம் காய்ஞ்ச கட்டை, இனிமே வளையாது, சுருங்காது. ஆனா வைஸுக்குக் கீழ போட தேக்கு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், விலையும் அதிகம். அதே இடிப்புல வேங்கையோ சாலோ கிடைச்சா அதை எடுங்க. சால் தேக்கை விட கனம், இறுக்கம். போல்ட் இறுக்கினா குழியாது. எதை எடுத்தாலும் அறுக்கறதுக்கு முன்னாடி பழைய ஆணி இருக்கான்னு காந்தம் வெச்சுத் தேடிடுங்க. ஒரு ஆணி போதும், ரம்பப் பல்லு போயிடும்.

ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் சிலர் போடறாங்க. இப்போ தண்டவாளம் எல்லாம் கான்கிரீட் ஸ்லீப்பருக்கு மாறிட்டதால பழைய மரக்கட்டை ஏலத்துல வெளிய வருது. அகல ரயில்பாதை ஸ்லீப்பர் 2750க்கு 250க்கு 130 மி.மீ. நடுவுல வெட்டினா உங்க 4 அடிக்கு ரெண்டு துண்டு கிடைக்கும், பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணே முக்கால் அடி அகலத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும். 5 இன்ச் கனம்! அதுக்கு மேல வைஸ் வெச்சா அசையாது. ஆனா சில கட்டைகள்ல கிரியோசோட் எண்ணெய் ஏத்தியிருப்பாங்க. அது உடம்புக்குக் கெடுதல். மூடின பார்க்கிங்ல, வெயில்ல சூடாகற இடத்துல வேண்டாம். அறுக்கற தூள் மூச்சுல போகக் கூடாது, மிச்சத் துண்டை அடுப்புல வைக்கக் கூடாது. மோந்து பார்த்தா தார் வாசனை அடிக்கும், தெரிஞ்சுடும்.

சுலபமான வழி, கணக்கு சார் சொன்ன மூணு அடுக்கு பிளைவுட். ஐ.எஸ். 710 (இந்தியத் தரம்) முத்திரை இருக்கற மரைன் பிளை வாங்குங்க. நம்ம ஏரியாவுல 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் தண்ணி எங்க வரைக்கும் ஏறிச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சாதா பிளை ஒரு தடவை நனைஞ்சா ஊதிப்போய் அடுக்கு விட்டுடும். தண்ணி தாங்கற பசையை முழுப் பரப்புலயும் தேய்ச்சு, சுத்தி கிளாம்ப் போட்டு, நடுவுல கனமா எதையாவது ஏத்தி ராத்திரி முழுக்க விடுங்க. நடுவுல காத்துப் பை நின்னுட்டா 27 மடங்கு கிடைக்காது.

பெரம்பூர்_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 8.30

சுவரைப் பத்திக் கேட்டீங்களே. சுண்ணாம்புக் காரைச் சுவர்ல விரியற ஆங்கர் வேண்டவே வேண்டாம். அது சுத்தியிருக்கற செங்கல்லை நெம்பித்தான் பிடிக்கும். காரை இளகி செங்கல் அசைய ஆரம்பிக்கும், அதுவும் அடுத்த வீட்டோட பொதுச்சுவர். டேபிளை அந்தச் சுவர்லேர்ந்து ரெண்டு இன்ச் தள்ளியே போடுங்க. தொடாம இருந்தாத்தான் சத்தமும் அந்தப் பக்கம் போகாது.

தரை கான்கிரீட்னா, கால் தகடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு 10 மி.மீ. ஆங்கர் ஃபாஸ்டனர் போதும். மேல டைல்ஸ் இருந்தா தகட்டை டைல்ஸ் மேலயே வெச்சு இறுக்காதீங்க, உள்ள சாந்து சரியா நிரம்பாத இடத்துல டைல்ஸ் விரியும். காலுக்கு அடியில மட்டும் டைல்ஸை வெட்டி எடுத்துட்டு கான்கிரீட்ல உட்கார வைங்க.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம். வார்ப்பிரும்பு இழுவையைத் தாங்கறதைப் போல மூணு, நாலு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும். அதாவது நசுக்கினா நிக்கும், வளைச்சா உடையும். வைஸ் காது பல தடவை உடையறது வேலை செய்யும்போது இல்ல, மாட்டும்போதுதான். அடி சமமா உட்காராம ஒரு மூலை தூக்கிக்கிட்டு இருக்கும். அதைப் பார்க்காம அந்த மூலை போல்ட்டை இறுக்கினா காது கீழ்நோக்கி வளையும், பட்டுனு போயிடும்.

அதனால வைஸை பலகையில வெச்ச உடனே, நாலு காதுக்கும் கீழ ஒவ்வொரு துண்டு பேப்பர் வைங்க. செய்தித்தாள் போதும். ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. மூணு பேப்பர் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு மட்டும் வழுக்கிட்டு வந்தா அந்த மூலையில இடைவெளி இருக்கு. பித்தளைத் தகடு துண்டு வெட்டி அடியில செருகுங்க, பேப்பர் பிடிக்கிற வரைக்கும். அடி மொத்தமுமே கரடுமுரடா இருந்தா, அடிப்பக்கம் கிரீஸ் தடவி, பலகையில எப்பாக்ஸி பரப்பி, வைஸை அதன் எடையிலயே உட்கார விடுங்க. இறுகின பிறகு அந்த அச்சு வைஸுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச இருக்கை. கிரீஸ் இருக்கறதால ஒட்டாது. மறுநாள் போல்ட் போட்டுக்கலாம்.

இறுக்கும்போது நாலையும் கையால முட்ட வெச்சு, குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஸ்பேனர் மேல பைப் போடாதீங்க. அதே மாதிரி வைஸ் கைப்பிடியிலயும் பைப் போடாதீங்க. கைப்பிடி நீளத்தையே தாடை தாங்கற அளவுக்குத்தான் வெச்சிருப்பாங்க.

ராயபுரம்_வாடகை | திங்கள், காலை 8.10

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே கேள்வி, ஆனா வாடகை வீடு. தரையில ஓட்டை போட்டா ஓனர் ஒத்துக்க மாட்டார். ராத்திரி ஸ்கூட்டர் உள்ள வரணும், வைஸ் நீட்டிக்கிட்டு இருந்தா இடிக்கும். 4 இன்ச் வைஸ்தான். வழி இருக்கா?

எண்ணூர்_வெல்டிங் | திங்கள், காலை 8.50

இருக்கு. வைஸை 8 மி.மீ. பிளேட்ல போல்ட் பண்ணி, பிளேட் அடியில 40 மி.மீ. சதுர பைப் ஒரு அடி நீளம் வெல்டு பண்ணுங்க. டேபிள் சட்டத்துல அது இறுக்கமா நுழையற அளவுக்குப் பெரிய பைப் ஒண்ணைக் கிடையா வெல்டு பண்ணி, பக்கவாட்டுல ரெண்டு நட்டு வெச்சு போல்ட் திருகினா ஆட்டம் நிக்கும். வேலை முடிஞ்சா உருவி உள்ள வெச்சுடலாம். 6 இன்ச்சுக்கு இதைச் சொல்ல மாட்டேன், 4 இன்ச்சுக்கு சரியா வரும். தரை ஓட்டைக்குப் பதிலா கீழ்த்தட்டுல பின்பக்கமா ரெண்டு மூட்டை மணல். சிமென்ட் சாக்கு நிரம்ப மணல் போட்டா ஒண்ணு 50 கிலோவுக்குக் குறையாது. பின் காலுக்கு மேல வெச்சா ஒரு மூட்டையே 25 கிலோ-மீட்டருக்கு மேல கொடுக்கும்.

கொடுங்கையூர்_கணக்கு | திங்கள், காலை 9.05

கணக்கு சரி. பின் காலுக்கு நேர் மேல 50 × 0.6 = 30. நடுவுல வெச்சா 15தான் வரும்.

வண்ணை_புல்லட் | செவ்வாய், இரவு 9.40

முடிவு பண்ணிட்டேன். 50 ஆங்கிள் சட்டம், மேல மூணு அடுக்கு மரைன் பிளை, வைஸ் இடது முன் கால் மேல. அந்தப் பக்கம் வாசல், நீளமான பைப் வெளிய போக வழி இருக்கு. கால் தகடு கான்கிரீட்ல.

போல்ட் வாங்கறதுக்கு செம்புதாஸ் தெரு போறேன். வைஸ் ஓட்டை அரை இன்ச் போல்ட்டுக்குன்னு செஞ்சது. அரை இன்ச்சே வாங்கவா, எம்12 (12 மி.மீ. மெட்ரிக் போல்ட்) போதுமா? நீளம் எவ்வளவு?

பெரம்பூர்_ஃபிட்டர் | செவ்வாய், இரவு 10.20

எம்12 போதும், தலையில 8.8னு பலத்தைக் காட்டற முத்திரை பார்த்து வாங்குங்க. அரை இன்ச்சும் எம்12ம் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், நட்டும் ரெண்டு மூணு சுத்து ஏறும், அப்புறம் மாட்டிக்கும். அரை இன்ச் பி.எஸ்.டபிள்யூ.ல (பழைய பிரிட்டிஷ் மரை) இன்ச்சுக்கு 12 மரை, எம்12ல மரைக்கு மரை 1.75 மி.மீ. கடையிலயே நாலு போல்ட்டுக்கும் நட்டு ஏத்திப் பார்த்துட்டு வாங்குங்க.

நீளம், எல்லாம் மி.மீ.ல: காது 20, பலகை 54, அடிப்பட்டை 6, ஆகமொத்தம் 80. வாசர் ரெண்டு சேர்த்து 5, நட்டு 11, அது கழலாம இருக்க மேல போடற செக் நட்டு ஒரு 10. 106 ஆச்சு. 110 நீளம் கேளுங்க. காது உங்க வைஸ்ல 20ன்னு நானா வெச்சுக்கிட்டேன், காலிபர் வெச்சு அளந்துட்டுப் போங்க.

ஓட்டை 13 மி.மீ. முதல்ல 6 மி.மீ. பிட், பக்கத்துல மூலைமட்டம் நிறுத்தி வெச்சு நேரா இறக்குங்க. 13 பிட் அடியில முனை எட்டிப் பார்த்த உடனே நிறுத்திட்டு, கீழேர்ந்து போட்டு முடிங்க. இல்லேன்னா அடி அடுக்கு பிய்ஞ்சு வரும்.

மாட்டி ஒரு மாசம் கழிச்சு நட்டை ஒரு தடவை இறுக்குங்க, மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும். மழைக்காலம் முடிஞ்சு ஜனவரியில இன்னொரு தடவை.

காசிமேடு_டீசல் | செவ்வாய், இரவு 11.02

தம்பி, மாட்டறதுக்கு முன்ன நகர்ற தாடையை முழுசா உருவி வெளிய எடுத்துக்க. ஸ்க்ரூ, நட்டு, தாடை ஓடற உள் பள்ளம் எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல களுவு. பழைய கிரீஸ் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும், இரும்பு பிரஷ் போட்டுத் தேய். அப்பால கால்சியம் கிரீஸ் போடு, தண்ணியில கரையாது, நாங்க போட்ல அதான் போடறோம். உப்புக் காத்துக்குத் தாடை தகட்டு ஸ்க்ரூதான் மொதல்ல புடிச்சுக்கும், அது ரெண்டையும் கழட்டி மரையில கிரீஸ் தடவி திரும்பப் போட்டு வெய்யி.

அடிக்கும்போது எப்பவும் நகராத தாடை பக்கம் பாத்து அடி. நகர்ற தாடையை அடிச்சா அடி மொத்தமும் ஸ்க்ரூ மரையிலதான் விழும். அச்சு நிமிர்த்தற மாதிரி பெரிய அடி வேலை வந்தா அதை வைஸ்ல வெச்சுக்காத. இங்க ஆர்பர் பக்கம் பட்டறையில கால் வைஸ் கீது, தரை வரைக்கும் கால் எறங்கினது, அடிச்சு செஞ்ச இரும்பு. எடுத்துக்கினு வா, பண்ணிக்கலாம்.

வண்ணை_புல்லட் | செவ்வாய், இரவு 11.15

காது அளந்தேன் ஐயா, 18 இருக்கு. 110ஏ வாங்கிடறேன். காசிமேடு அண்ணே, ஒரு பழைய ஃபோர்க் ஸ்டெம் வளைஞ்சு கிடக்கு, ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வர்றேன்.